கொல்லைப்புறத்தில் தர்ப்பூசணிப் பயிர்

கோடை வெப்பத்தில் தாகத்தைத் தணிப்பதற்குத் தர்ப்பூசணிக்கு நிகரான பழங்கள் மிகச் சிலவே. இதனைக் கோசாப்பழம் என்றும் வழங்குவர். இதன் சதையில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு ஜலமே. திண்டிவனம், மரக்காணம், மதுராந்தகம் ஆகிய பக்கங்களில் இது ஏக்கர் கணக்காகப் பயிராகின்றது. எனினும், கொல்லையில் ஒன்றிரண்டு சென்ட் நிலம் உடையோர் எவரும் தம் குடும்பத்துக்கு வேண்டிய பழங்களைத் தாமே விளைவித்துக்கொள்ளலாம். 2025-ம் வருஷக் கோடையில், பழங்களில் சாயம் ஏற்றப்படுவதாக ஒரு பேச்சுப் பரவி, விலை சரிந்து, குடியானவர் பலர் நஷ்டமுற்றனர். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் என்னும் பொருளே தர்ப்பூசணிக்கும் அந்நிறத்தைத் தருகின்றது. தம் கொல்லையில் விளைந்த பழத்தை அறுத்துக் கண்டவர் இவ்வித வதந்திக்குச் செவி சாய்க்கார்.

புதிதாக இதைப் பயிரிடுவோர் கூறும் குறைகள் பெரும்பாலும் மூன்றே: கொடி தழைத்தும் காய் பிடிக்கவில்லை, பிடித்த காய் வெடித்துவிட்டது, பறித்த பழம் இனிக்கவில்லை. இவற்றுள் பெரும்பகுதி கவனக்குறைவால் நேர்வதன்று. மிகுந்த எருவும், மிகுந்த ஜலமும், மிகுந்த அவசரமுமே காரணம்.

நாள் முழுதும் வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது. மர நிழலில் இடுவது வீண். மணற்பாங்கான, ஜலம் தேங்காத பூமி உத்தமம். களிமண்ணாயின் மேட்டுப்பாத்தி கோலிக்கொள்ளுதல் வேண்டும். தை, மாசி மாதங்கள் விதைப்புக்கு உகந்தவை. வரிசைக்கு வரிசை 8 அடியும், குழிக்குக் குழி 3 அடியும் விட்டு, ஒன்றரை அடிச் சதுரமும் ஓரடி ஆழமுமுள்ள குழிகள் எடுத்து, நன்கு மக்கிய தொழுவெருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பவேண்டும். குழிக்கு நான்கைந்து விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். வேர் அசைவதை இப்பயிர் பொறுக்காதாகையால், நாற்றுப் பிடுங்கி நடுதல் கூடாது.

ரகங்களில், அமெரிக்காவிலிருந்து வந்த சுகர் பேபி சிறு குடும்பத்துக்கு ஏற்றது; கரும்பச்சைத் தோலும் உருண்டை வடிவும் உடையது. பெங்களூரில் உருவான அர்கா மாணிக் இதனினும் பெரிய பழம் தரும். பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம். 1 நம் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்கு ஒத்தது.

முளை விட்டவுடன் செவ்வண்டுகள் விதையிலைகளைத் துளைத்துத் தின்னும். விடியற்காலையில் அவை மந்தமாயிருக்கும்; அப்பொழுது கையால் பொறுக்கி அழிக்கலாம். கொடி ஓடத் தொடங்கும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு இட்டால் போதும். யூரியாவை வாரி இடுவோர் இலையைத்தான் அறுவடை செய்வர்.

முதலில் ஆண் பூக்களே தோன்றி உதிரும். இதனை நோயெனக் கருதி மருந்து தெளித்தோர் பலர். சில நாட்களுக்குப் பின்னரே பெண் பூ வரும். அதன் அடியில் சுண்டைக்காய் அளவில் பிஞ்சு ஒன்று காணப்படும். இப்பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் நிலைக்காது. அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணிப்போகும். ஆகையால் பூக்கும் பருவத்தில் காலை வேளையில் எந்த மருந்தும் தெளித்தலாகாது. தேனீ வரத்துக் குறைந்த இடங்களில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். வீட்டுச் சிறுவர்களும் செய்யக்கூடிய வேலை இது. கொடிக்கு இரண்டு மூன்று காய்களுக்கு மேல் விடாமல், காயின் அடியில் வைக்கோல் பரப்பிவைக்கவேண்டும். பழ ஈ குத்திய பிஞ்சுகளை அங்கேயே எறியாமல் ஆழப் புதைப்பது அவசியம்.

ஜலம் பாய்ச்சுவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். காய் பருக்கும் வரையில் ஒரே சீராகப் பாய்ச்சவேண்டும். நிலம் காய்ந்து வெடிக்கவிட்டுப் பின்பு ஒரே நாளில் நிரம்பப் பாய்ச்சினால் காயும் வெடிக்கும். பறிப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக ஜலத்தைக் குறைத்துவிடவேண்டும். பகலில் இலை சற்று வாடுவது கண்டு இரக்கப்பட்டுக் குடம் குடமாக ஊற்றுவோர்க்குக் கிடைப்பது சப்பென்ற பழமே.

மாம்பழத்தைப்போல் பறித்தபின் வைத்துப் பழுக்கச்செய்ய இதனால் இயலாது; கொடியில் ஏறாத இனிப்பு வீட்டில் ஏறாது. தட்டிப் பார்த்து முதிர்வை அறிதல் பழகிய செவிக்கே கைகூடும்: காய் கணீரென்றும், பழம் மொத்தென்றும் ஒலிக்கும். புதியவர் கண்ணையே நம்புவது நலம். பழக் காம்பின் அருகிலுள்ள பற்றுச்சுருள் முற்றிலும் காய்ந்திருத்தல் வேண்டும். தரையில் படிந்த பக்கத்து வெண்மை, வெண்ணெய்போன்ற மஞ்சளாக மாறியிருத்தல் வேண்டும். பெண் பூ மலர்ந்த தேதியை ஓர் ஓலை நறுக்கில் எழ்தி அருகில் செருகிவைத்தால், 30 முதல் 40 நாட்களுக்குள் இவ்வடையாளங்களை எதிர்பார்க்கலாம். இரண்டு அடையாளங்களும் கூடியபின், ஓரங்குலக் காம்புடன் கத்தியால் அறுத்தெடுக்கவேண்டும்.

அடுத்த வருஷத்துக்கு விதை எடுப்போர், கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்தலாகாது. தாயைப்போல் பிள்ளை வராது. பூசணியோ வெள்ளரியோ பக்கத்தில் இருப்பதால் பழம் கெடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது; அவை இதனுடன் கலப்பதில்லை. கசப்புக் கொம்மட்டி அருகில் படர்ந்திருப்பின், அவ்வருஷப் பழத்துக்குக் கேடில்லை. ஆனால் அப்பழத்து விதையிலிருந்து வரும் கொடிகள் கசந்த பழம் தரக்கூடுமாதலால், விதைக்கு வேறு இடத்துப் பழத்தையே கொள்ளவேண்டும். கழுவிய விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரம் புகாத கலத்தில் வைப்பது வழக்கம்.