அடிக்க அடிக்கத் திருகு கழலும் டிரம்: தடுக்க வழி என்ன?

மும்பையில் கணபதி ஊர்வலமும் கல்யாண ஊர்வலமும் பாண்டு வாத்தியம் இல்லாமல் நகராது. அந்த பாண்டில் "கிர்ர்" என்று உறுமும் சிறிய டிரம்தான் ஸ்நேர் டிரம். பகலில் பட்டறையிலோ ஆபீசிலோ உழைத்துவிட்டு, மாலையில் இதைத் தோளில் மாட்டுகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு.

இவர்களுக்கு ஒரு தீராத தொல்லை. தெரு முனை தாண்டுவதற்குள் டிரம்மின் குரல் இறங்கிவிடும். நடுத்தெருவில் நின்று திருக முடியுமா? பாண்டு மாஸ்டர் முறைப்பார். அடுத்த ஊர்வலத்துக்கு அழைப்பு வராது. சீசன் வருமானமே போய்விடும்.

மழை மீது பழி

"மழை ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது" என்பார்கள். ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும் கட்டிய காலத்தில் அது சரி. 1957-ல் அமெரிக்காவில் மைலார் என்னும் பிளாஸ்டிக் தோல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் அந்த வகைதான். அது ஈரத்துக்கு மசியாது. குற்றவாளி திருகுதான்!

காரணம் என்ன?

டிரம்மின் வளையத்தைச் சுற்றி 6, 8 அல்லது 10 திருகுக் கம்பிகள் உண்டு. அவை இழுத்துப் பிடிப்பதால்தான் தோல் விறைப்பாக நிற்கிறது. குச்சி வளையத்தின் மீதும் சேர்ந்து விழும்போது, வளையம் ஒரு கணம் அமுங்குகிறது. அப்போது பக்கத்துத் திருகின் இழுப்பு குறைகிறது. இழுப்பு குறைந்தால் மரையின் பிடிப்பும் குறையும். அதிர்வில் திருகு இம்மி இம்மியாகப் பின்னால் சுற்றும். ஆகவே முதலில் கழல்வது குச்சி விழும் பக்கத்துத் திருகுகளே.

ரயில் தண்டவாளத்திலும் இதே கதைதான். வண்டி ஓட ஓட இணைப்பு போல்ட்டுகள் தளரும். அதற்காகத்தான் ஸ்பிரிங் வாஷர். அதற்காகத்தான் கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்த்து முடுக்குகிறார். டிரம்முக்கும் இரண்டும் வேண்டும்: பிடிப்பு, கண்காணிப்பு.

செலவு குறைந்த வழிகள்

முதலில் திருகுகளைக் கழற்றிப் பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். மரை தேய்ந்த கம்பியை மாற்றிவிட வேண்டும். அதற்கு வேறு மருந்து கிடையாது.

திருகின் தலைக்கு அடியில் நைலான் வாஷர் போடலாம். மரையில் மெழுகு தேய்க்கலாம். அல்லது குழாய் ரிப்பேர்காரர் சுற்றும் வெள்ளை டெப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றலாம். திருகின் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் பூட்டும் உண்டு. மரைப் பசை இடுவோர் நீல நிற வகையை ஒரு சொட்டு மட்டும் இடலாம். சிவப்பு வகை கூடாது. பிறகு சாவிக்கு அசையாது.

ஒரு திருகை முடுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதை முடுக்க வேண்டும். புதுத் தோல் முதலில் சற்று இளகும். எனவே முந்தின நாளே மாட்டிவிடுவது நல்லது. குரல் அதிகம் ஏறிவிட்டால், நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்த வேண்டும். கடைசித் திருப்பு எப்போதும் முடுக்கும் திருப்பாகவே இருக்கட்டும்.

வார் பிடித்த தவிலிலும் இப்போது நட்டு, போல்ட் வந்துவிட்டது. தொட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கும் தேவை.

டிரம் சாவி சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குச்சி விழும் பக்கத்து இரண்டு திருகுகளை விரலால் அசைத்துப் பார்த்தால் போதும். அரை நிமிட வேலைதான்!