கடைக்காரருக்கு வீட்டுக் கடன்

நம் ஊர் வியாபாரிக்கு வங்கி புதிதல்ல. நாடார் வணிகர்கள் 1921-ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. ஆனாலும், மளிகைக் கடை வைத்திருக்கும் நம் மகனுக்கு மில்லர்புரத்தில் வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, ஒரு வங்கியில் கையை விரித்துவிட்டார்கள்.

கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்றோம். அதிகாரி கேட்டதோ மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு எவர் கடன் தருவார்? கல்லாவில் விழுந்த ரொக்கமும் சரக்குக்கே போய்விட்டதால் நடப்புக் கணக்கில் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நண்பரின் லாரிக் கடனுக்கு மகன் ஜாமீன் போட்டிருந்தார். நண்பர் தவணை தவறியது மகனின் சிபில் அறிக்கையில் ஏறியிருந்தது! தாட்சண்யத்துக்குப் போட்ட கையெழுத்து வீட்டு வாசலை மறித்தது.

அந்த லாரிக் கடனை முடிக்கவைத்து, அன்றாட விற்பனையை வங்கியில் கட்டி, கணக்கை உள்ளபடி காட்டினோம். இரண்டு ஆண்டு கழித்து அதே வங்கி கடன் தந்தது.

வணிக அன்பர்கள் கைப்பணமும் வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடன், வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. பத்திரச் செலவு பெரும்பாலும் நம் பாடு. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன்பே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.