முதல் கிளாரினெட்: மரமா, பிளாஸ்டிக்கா?



பள்ளியில் வாத்தியக் குழு தொடங்கப் போறோம்னு முடிவானதும், கிளாரினெட் வாங்கும் பொறுப்பு கொஞ்சமாவது இசை தெரிந்த ஆசிரியர் தலையில்தான் விழும். நானும் அப்படி மாட்டியவன்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில், இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கினோம். நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வாரம் ஊதிப் பார்த்தாள். கீழ்ச் சுரங்கள் வரவே இல்லை. "எனக்கு வராது சார்"னு சொல்லிட்டு விலகிவிட்டாள். பிறகு பழுதுபார்ப்பவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, மேல் துண்டில் இரண்டு பேட் சரியாக மூடவே இல்லை. குறை அவளிடம் இல்லை. திரும்ப அழைத்தேன், வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடல் பகுதி. நல்ல கிளாரினெட் என்றால் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்ததுதான் என்பார்கள். ஒலிக்கு அது சரி, நம் பிள்ளைகளுக்குச் சரிவராது. குளிர்சாதன அறையில் சில்லென்று இருக்கும் மரத்துக்குள் சூடான, ஈரமான மூச்சு போகிறது. உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கம் விரியவில்லை, மரம் வெடிக்கிறது. காலையில் குளிர் அறை, மதியம் திடல் வெயில், ஆண்டு முடிவில் பருவமழை ஈரம். ஜொகூரில் இதைத் தவிர்க்க முடியாது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை எடுங்கள். லெகோ கட்டைகள் செய்யும் அதே பிளாஸ்டிக்தான், வெடிக்காது. யமஹா ஒய்.சி.எல்.-255 இந்த வகை. ஜூப்பிட்டர், பஃபே நிறுவனங்களிலும் மாணவர்களுக்கான பிளாஸ்டிக் கிளாரினெட்டுகள் உண்டு.

உடலைவிடச் சீக்கிரம் கெடுவது கீ. மலிவான கருவிகளில் கீயின் உலோகம் மென்மையாக இருக்கும். பிள்ளை அழுத்திப் பிடித்தாலே வளையும். அப்படிப்பட்டதைச் சில கடைகளில் பழுதுபார்க்கவே எடுக்க மாட்டார்கள். பூச்சு நிக்கலாக இருந்தால் போதும். வெள்ளிப்பூச்சு கறுத்துப் போகும், தேய்த்துக்கிட்டே இருக்கணும்.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலக் கீ இருக்கிறது. மாணவர் கையில் முதலில் வளைவது அதுதான். மேல் துண்டின் வளையங்களை அழுத்தினால் அது மேலே எழும்பும். அப்படி எழுப்பிக்கொண்டுதான் பூட்டணும். முதல் வகுப்பு முழுதும் இதற்கே போனாலும் பரவாயில்லை.

பழைய கருவி வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். மேல் துண்டை மட்டும் எடுத்து, முன்னால் உள்ள மூன்று துளைகளையும் பின்னால் கட்டைவிரல் துளையையும் விரலால் மூடுங்கள். கீழ் முனையை உள்ளங்கையால் அடைத்து, மேல் முனையில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். சில விநாடி பிடிப்பு நின்றால் பேட்டுகள் நலம். உடனே விட்டுவிட்டால் காற்று கசிகிறது. எங்கள் கருவி இந்தச் சோதனையில் ஒரு விநாடி தாங்கியிருக்காது.

யாருக்குக் கொடுப்பது? வயதைவிட விரலைப் பாருங்கள். துளைகள் திறந்தவை, விரல் நுனிச் சதை முழுதாக மூடணும். முன்பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் வாய்ப்பிடிப்பும் அமையாது. கட்டைவிரல் தாங்கியில் கழுத்து நாடா மாட்ட வளையம் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு வலி குறையும்.

நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கு ரீட். ஆனால் சீவாளி இரட்டை, இது ஒற்றைத் தட்டை. தொடக்கத்துக்கு 2 அல்லது 2½ எண் எடுங்கள். 3 எண்ணை யாராவது கொடுத்தால் வேண்டாம்னு சொல்லிடுங்க, பிள்ளை மூச்சு முட்டி நிறுத்திவிடும்.

"இது வெள்ளைக்காரன் வாத்தியமாச்சே"ன்னு முகம் சுளிக்கும் பெற்றோரிடம் ஏ.கே.சி. நடராஜனைப் பற்றிச் சொல்லுங்கள். கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்தே 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்.

வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைக்க வேண்டும். ரீட்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். கேஸுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது இல்லாமல் விடுமுறை முடிந்து திறந்தால் பூஞ்சைதான் இருக்கும்.