அவசரத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ்... அதுவே கடைசிப் படம்! - சின்ன ஊர் ஸ்டூடியோவில் ஒரு நாள்

"அண்ணே, அர்ஜென்ட். இன்னைக்குத்தான் கடைசி நாள்!"

எந்த ஊர் போட்டோ ஸ்டூடியோவிலும் ஒரு நாளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். தாலுகா ஆபீஸும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற ஊர் என்றால் இப்படி ஒரு ஸ்டூடியோ இல்லாமல் இருக்காது. முன்னால் ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும். பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, சுவரில் வெள்ளைத் திரை, அதன்மேல் சுருட்டி வைத்த நீலத் திரை. ஆணியில் ஒரு கறுப்பு கோட்டும் முடிச்சுப் போட்டே வைத்திருக்கும் டையும் தொங்கும். கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் வேலைக்கு விண்ணப்பித்தார்கள் என்று அந்தக் கோட்டைத்தான் கேட்க வேண்டும்.

"கையில் போன் இருக்கு, வீட்டுச் சுவர் வெள்ளையா இருக்கு, எதுக்கு ஸ்டூடியோ?" என்று கேட்டவர்கள்தான் கடைசி நாளில் ஓடி வருகிறார்கள். சுவரில் தலையின் நிழல் விழுந்திருக்கும். காது தெரியாது. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் படத்துக்கு இத்தனை கே.பி., கையெழுத்துக்கு இத்தனை கே.பி. என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று கூடினாலும் ஏறாது. நீட் எழுதும் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் சைஸோடு 4-க்கு 6 அங்குல போஸ்ட் கார்டு சைஸும் வேண்டும். அமெரிக்க விசாவுக்கு 2-க்கு 2 அங்குலம், அதுவும் மூக்குக்கண்ணாடி கூடாது. இந்த விதிகளையெல்லாம் ஸ்டூடியோக்காரர் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் "எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி. மிச்சம் அவர் விரல்களுக்குத் தெரியும்.

படம் எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆளை உட்கார வைப்பதுதான் வேலை. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க... ரொம்ப வேணாம்... தோளை விடுங்க, மூச்சை விடுங்க." கேமரா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்ளாத மனிதர் அபூர்வம். அப்புறம் கம்ப்யூட்டரில் முடியைச் சரிசெய்து, 35-க்கு 45 மில்லிமீட்டராக வெட்டி, ஒரு 4-க்கு 6 தாளில் எட்டு காப்பி அடுக்கினால் வேலை முடிந்தது. எல்லா ஸ்டூடியோவிலும் எட்டு காப்பிதான் ஏன் என்றால், அந்தத் தாளில் எட்டுதான் பிடிக்கும்.

பெரியவர்களைவிட கஷ்டம் கைக்குழந்தைகள். பாஸ்போர்ட் சேவா மையத்தில் பெரியவர்களை அங்கேயே படம் பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. அதனால் அம்மா தலையோடு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார். மடியில் குழந்தை. எதிரே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அப்பா. ஒரு நல்ல படத்துக்கு முப்பது, நாற்பது கிளிக். குழந்தை தூங்கிவிட்டால், "பக்கத்துல டீ குடிச்சிட்டு வாங்க" என்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

இன்னொரு கோரிக்கை தினமும் வரும். குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். "கொஞ்சம் கலரா காட்டுங்கண்ணே." பெண் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் இது கட்டாயம் உண்டு. ஸ்டூடியோக்காரர்கள் பெரும்பாலும் வாதாடுவதில்லை; ஒரு சுற்று வெளிச்சம் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இது போன் வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. நெகட்டிவ் காலத்திலேயே கூர்சீவிய பென்சிலால் ஃபிலிம் மேல் புள்ளி புள்ளியாக வைத்து முகப்பருவையும் கண்ணுக்குக் கீழ் கருவளையத்தையும் மறைத்தவர்கள்தான் இவர்களின் குருமார்கள். 'டச்சிங்' என்ற அந்தக் கைவேலைக்கு ஊரில் தனி மரியாதையே இருந்தது.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போவது திருவிழாவுக்குப் போவது மாதிரி. பூ வைத்துத் தைத்த ஜடை தெரியவேண்டும் என்பதற்காகப் பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். பழைய ஆல்பம் இருக்கும் வீடுகளில் புரட்டிப் பாருங்கள், பாட்டியோ அத்தையோ யாராவது ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பார். யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதனால் ஒருவருக்கு ஒரு கிளிக், மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த ஃபிலிமும் வெளிநாட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை, நிலவு என்று பொருள்படும் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தயாரித்தது. 1960-ல் தொடங்கிய அந்த நிறுவனம், நஷ்டத்தில் விழுந்து பிறகு மூடியே போனது.

வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கல்யாண ஆர்டர்களை கேண்டிட் டீம்கள் கொண்டுபோயின. பிறந்தநாள் படங்கள் போனுக்குள் போய்விட்டன. சின்ன ஸ்டூடியோவுக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, அவசரத்துக்கு எடுக்கும் எட்டு காப்பி. இன்னொன்று, கடையில் யாரும் சத்தமாகக் கேட்காத வேலை.

அந்த வேலைக்கு வருபவரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வரிசையை முந்த மாட்டார். தன் முறை வந்ததும் போனை நீட்டி, ஒரு கல்யாண குரூப் போட்டோவை விரலால் பெரிதாக்கி, மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகத்தைக் காட்டுவார். "இவரை மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா?"

வீட்டில் எல்லோர் போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். ஆனால், அப்பா எடுத்த படங்கள் இருக்கும். அப்பா இருக்கிற படம் இருக்காது. இருந்தாலும் கண்மூடியோ, வாயில் சாப்பாட்டோடோ, பேரனின் தலைக்குப் பின்னாலோ இருக்கும். சிலர் வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார்கள். அதில் இருப்பது தபால்தலை அளவு மங்கல்.

இந்த இடத்தில் ஸ்டூடியோக்காரர் செய்யும் முதல் வேலை போட்டோஷாப்பைத் திறப்பது இல்லை. "அப்பா பேர் என்ன? எப்பவாச்சும் இங்க படம் எடுத்திருக்காரா?" என்று கேட்பதுதான். வருஷம், மாதம், தேதி என்று அடுக்கடுக்கான ஃபோல்டர்கள். பென்ஷனுக்கோ, பேங்க் பாஸ்புக்குக்கோ, பேரன் பேத்தியை ஸ்கூலில் சேர்க்கவோ நாலு வருடத்துக்கு முன்னால் அவர் தனியாக வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பெயரைத் தட்டினால், சவரம் செய்து, தலையை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு நேராகப் பார்த்துக்கொண்டு திரையில் வந்து நிற்பார். அந்த நொடியில் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். நூறு ரூபாய்க்குள் முடிந்த அந்த எட்டு காப்பிதான் இனி அந்த வீட்டுச் சுவரில்.

அப்படிக் கிடைக்காதபோதுதான் நுணுக்கமான வேலை ஆரம்பிக்கிறது. கட்டம் போட்ட சட்டையை வெள்ளைச் சட்டையாக மாற்றுவது, மூடிய கண்ணைத் திறப்பது எல்லாம் கை பழகிய வேலை. கேள்விகள்தான் கஷ்டம். "விபூதி பட்டையா, கீற்றா?" அம்மாவின் படம் என்றால், "பொட்டு வைக்கவா?" என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் தானாகவே வைத்துவிட்டாலும் தப்பு, வைக்காமல் விட்டாலும் தப்பு. கணவர் போன பின் பொட்டை விட்ட அம்மாவுக்குப் பழையபடி பொட்டோடு படம் வேண்டும் என்று மகள் கேட்பார். மகன் வேறு சொல்வார். இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று ஸ்டூடியோக்காரர் அடுத்த ஆளின் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவார்.

அதைவிடச் சிக்கல் ஜோடிப் படம். அப்பா முப்பத்தைந்து வயதில் போயிருப்பார். அம்மா எழுபதில். இருவரையும் ஒரே ஃப்ரேமில் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்துப் பார்த்தால் அம்மாவும் மகனும் நிற்பதுபோல இருக்கும். அம்மாவின் இளவயதுப் படம் ஒன்று கிடைத்தால் தப்பித்தோம். அதற்காக சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களைத் தேடி ஒரு குடும்பமே அலையும்.

"ஏ.ஐ.-ல போட்டா ஒரு நிமிஷம்" என்று இப்போது பிள்ளைகளே ஒரு படத்தோடு வருகிறார்கள். பளபளவென்று இருக்கும், பல் வரிசையாக இருக்கும். ஆனால் வீட்டுப் பெரியவர் பார்த்ததும், "யாருப்பா இது?" என்பார். மங்கலான படத்தில் இல்லாத விவரத்தை அந்த ஆப் தானாக இட்டு நிரப்புகிறது. அப்படி நிரப்பிய கண்ணும் உதடும் வேறு யாருடையதோ போல ஆகிவிடுகின்றன. அனுபவமுள்ளவர்கள் கன்னத்து மச்சத்தையும் நெற்றித் தழும்பையும் தொடுவதே இல்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், சின்ன அளவில் அப்படியே போடச் சொல்வார்கள். 8-க்கு 10 போதும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னால், அதில் வியாபாரம் இல்லை, அக்கறைதான் இருக்கிறது.

இத்தனை முகங்களையும் வைத்திருப்பது எது? மேசைக்குக் கீழே தூசி படிந்த ஒரு ஹார்ட் டிஸ்க். பல இடங்களில் அதற்கு இன்னொரு காப்பி கிடையாது. பழைய நெகட்டிவ்களின் கதை இன்னும் மோசம். நம்பர் போட்ட காகித உறைகளில் பரணில் கிடக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை அடிக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருப்பதால், அதைப் பிரித்தெடுக்க எடை போட்டு வாங்கிப்போனவர்களும் உண்டு. கடையைக் காலிசெய்யும் நாளில் ஓர் ஊரின் ஐம்பது வருட முகங்கள் மூட்டையாகப் போய்விடும்.

பெரிய ஸ்டூடியோக்களும் தப்பவில்லை. கொல்கத்தாவில் 1860-களில் இருந்து இயங்கிய 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டூடியோவின் பழைய சேகரிப்பில் பெரும்பகுதியை 1991-ல் ஒரு தீ விபத்து கொண்டுபோனது. கடை 2016-ல் மூடப்பட்டது. நம் பக்கம் ஒரு நல்ல செய்தி, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. ஜடை தெரியும் கண்ணாடிப் படம் எடுத்த தாத்தாக்களின் உழைப்பு கொஞ்சமாவது அதில் தங்கியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. வீட்டுப் பெரியவர் படம் எடுத்துக்கொண்ட அன்றைக்கே ஸ்டூடியோவில் கேட்டால் வெட்டாத முழுப் படத்தையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பித் தருவார்கள். சாதாரண போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். பழைய படம் தேவையென்றால், எந்த வருடம், எந்த மாதம் எடுத்தது என்று தோராயமாகத் தெரிந்தாலே தேடுவது சுலபம்.

ஃப்ரேம் வேலையில் கடைசியாக வருவது எழுத்து. மேலே பெயர், கீழே 'தோற்றம்', 'மறைவு'. மறைவுத் தேதியை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். 'தோற்றம்' என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆதாரை எடுத்துப் பார்த்தால் ஜனவரி 1 என்று இருக்கும். அது உண்மையான பிறந்தநாள் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு போன் போடுவார்கள். அத்தை, "பெரிய புயல் அடிச்சதே, அதுக்கு அடுத்த ஆடி" என்பார். கீபோர்டில் விரலை வைத்தபடி ஸ்டூடியோக்காரர் காத்திருப்பார். கடைசியில் வருடத்தை மட்டும் போட்டால் போதும் என்று முடிவாகும்.