தூரத்துத் தபாற்சாலை

மின்னஞ்சல் அனுப்புகிறவரின் கையிலிருந்து நேரே பெறுகிறவரின் கைக்குப் போய்விடுவதாகவே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையிலோ, அதை இடையில் வாங்கி, முகவரியைப் பரிசோதித்து, உரிய திசையில் அனுப்பும் சர்வர் என்னும் தபாற்சாலை ஒன்று, மனித சஞ்சாரமற்ற குளிரூட்டிய அறையில், தனக்கென ஒரு திரைகூட இல்லாமல் அல்லும் பகலும் உழைக்கிறது. அந்தச் சர்வரை நிர்வகிப்பவர் அதைக் கண்ணால் கண்டவராகவே இருக்க வேண்டியதில்லை. நூறு காதத்துக்கு அப்பால் அமர்ந்து, கட்டளைச் சொற்களைத் தட்டச்சு செய்தே அதை நடத்திவிடுகிறார்.

முன்பு இத்தகைய சம்பாஷணையில் கடவுச்சொல் உட்பட யாவும் மறைப்பின்றியே சென்றன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைக் கவர்ந்த பின்னரே, டாட்டு யுலோனன் என்பவர் 1995இல், பேச்சு முழுவதையும் ரகசியக் குறியீடாக்கும் எஸ்.எஸ்.ஹெச். முறையை உருவாக்கினார்.

தபாற்சாலையின் உள்ளே நடப்பதுதான் என் மனத்தைக் கவர்ந்தது. ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வீட்சே வேனமா இயற்றி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்புறச் சர்வர் 5இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் நிரந்தர மறுப்பு. கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். 4இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால், 'இப்போது முடியாது' என்பதே பொருள். அக்கடிதத்தை வரிசையில் வைத்து, மீண்டும் மீண்டும் முயன்று, நாம் வேறு விதிக்காதவரை ஐந்து நாள் பொறுத்திருக்கும் அதன் நிதானம் வியக்கத்தக்கது.

ஆபத்து வருவதும் இவ்வரிசையில்தான். ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் களவுபோய், அவர் பெயரால் பல்லாயிரம் மோசடி அஞ்சல்கள் குவிந்துவிட்டன என்று கொள்வோம். நிர்வாகி முதலில் அந்தக் கணக்கை முடக்குகிறார். இல்லையேல் இறைக்க இறைக்க ஊறும். பிறகு 'போஸ்ட்கியூ' என்னும் கட்டளை, ஒவ்வொரு கடிதத்தின் அடையாளக் குறி, அளவு, வந்த நேரம், அனுப்பியவர், தாமதத்தின் காரணம் ஆகியவற்றை வரிசையாக ஒப்பிக்கிறது. அவற்றுள் அந்த ஒரு முகவரிக்குரிய குறிகளை மட்டும் பொறுக்கி 'போஸ்ட்சூப்பர்' என்னும் கட்டளையிடம் ஒப்படைக்க இரண்டு மூன்று வரி ஸ்கிரிப்ட் போதும். கைவேலையாகச் செய்தால் விடிந்தாலும் முடியாது.

ஆனால் அக்கட்டளையோடு 'டி' என்ற எழுத்தைச் சேர்த்தால் கடிதங்கள் அழியும். 'ஹெச்' என்றால் அழியாமல் நிறுத்திவைக்கப்படும். அனைத்தையும் அழி என்றால், 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேளாமலே, குற்றமற்றவர்களின் கடிதங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகவே, எத்தனை அவசரமாயினும் முதலில் நிறுத்திவைப்பதே விவேகம் என்பேன். அவ்வாறு நிறுத்தியவற்றைப் பிரித்துப் பார்க்கையில், அந்த ஊழியர் தாமே எழுதிய மெய்யான கடிதம் ஒன்று அகப்படக்கூடும். அதே 'ஹெச்' எழுத்தைப் பெரிய வடிவில் இட்டு அதை விடுவித்தால், அது வரிசைக்குத் திரும்பித் தன் முறைக்குக் காத்திருந்து, பதிவேட்டில், ஏற்றுக்கொண்டோம் என்னும் 250 என்ற எண்ணோடு புறப்பட்டுப் போகிறது.