கைதட்டி ஒலியின் வேகத்தை அளக்கலாம்!

ஒலியின் வேகத்தைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதை நாமே அளக்க முடியுமா? ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலி, கைபேசியையே ஆய்வுக் கருவியாக்குகிறது. ஓர் ஒலியைக் கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த ஒலியில் நிற்கும் கடிகாரம் அதில் உண்டு.

விக்கிரவாண்டியில் ஒரு பள்ளித் திடலை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்களின் இரு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைபேசியருகே வள்ளி கை தட்டட்டும்; பிறகு மற்றதனருகே கந்தன் தட்டட்டும். ஒலி மறுமுனைக்குச் செல்லச் சிறிது நேரமாகுமல்லவா? ஆகவே முதல் கடிகாரம் முந்தித் தொடங்கும், பிந்தி நிற்கும். இரண்டும் காட்டும் நேரங்களின் வித்தியாசமே ஒலி 10 மீட்டர் செல்லும் நேரம். அது 0.029 விநாடியானால், வேகம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். பலமுறை அளந்து சராசரி காணுங்கள்.