ஒரே வீட்டில் மூணு பிரவுசர்... உங்க போனில் எது?

போன மாசம் வெள்ளக்கடையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏற்காட்டுக்கு டூர் வருகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். வெள்ளக்கடை அந்த லிஸ்ட்டில் வராது. காபிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சாயங்காலமானால் பனி. எல்லாம் இருக்கும், சிக்னலைத் தவிர. திண்ணையின் வலது மூலையில் நின்றால் ரெண்டு கோடு வரும், அவ்வளவுதான்.

அன்றைக்குத் தங்கச்சியின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அவள் சிம்முக்கு அந்த மூலையிலும் சிக்னல் கிடைக்கவில்லை. தம்பி போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர், ஆதார், அப்பா வருமானம் என்று எல்லாம் அடித்து முடித்து, ஓ.டி.பி-யும் வந்துவிட்டது. ஆனால், அதைப் போட வேண்டிய பெட்டி திறக்கவே இல்லை. முதலிலிருந்து மறுபடியும். மூணு தடவை ஆச்சு. மணி பத்தரை.

"நம்ம ஊரு சிக்னலே இப்படித்தாண்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாவம், சிக்னல் மேல் தப்பில்லை. தம்பி வைத்திருந்தது டேட்டாவை மிச்சம் பிடிக்கும் பிரவுசர். அதையும் உச்சபட்ச சேமிப்பில் போட்டு வைத்திருந்தான். அதே போனில், ஒருநாளும் திறக்காமல் கிடந்த இன்னொரு பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்தோம். 11.20-க்கு ஒப்புகை எண் வந்தது.

என்ன வித்தியாசம்? சாதாரண பிரவுசர், ஒரு இணையப் பக்கத்தை நேராக உங்கள் போனுக்குக் கொண்டுவந்து, அங்கேயே அதை இயக்குகிறது. டேட்டா சேமிப்பு முறையில் உச்சத்துக்குப் போனால், அந்த நிறுவனத்தின் சர்வர் முதலில் பக்கத்தைத் திறந்து, படங்களைச் சுருக்கி, கிட்டத்தட்ட ஒரு அச்சுப் பிரதி மாதிரி உங்களுக்கு அனுப்பிவைக்கும். செய்தி படிக்க, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க அருமை. பெட்டி திறப்பது, பட்டன் வேலை செய்வது மாதிரி விஷயங்களில்தான் சொதப்பும். நடுவில் இன்னொருவர் சர்வர் இருப்பதால் பேங்க் வேலைக்கு அதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். குரோமில்கூட 'லைட் மோடு' என்று ஒரு சேமிப்பு வசதி இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

அதற்காகத் தம்பியைத் திட்டவும் மனசு வரவில்லை. ஏனென்றால், மொபைலில் தமிழ் படித்த என் தலைமுறைக்கு இந்தச் சேமிப்பு பிரவுசர்கள்தான் வாசல். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது நண்பர்கள் வட்டத்தில் ஒரு ரகசியம் உலாவியது. ஓபரா மினியின் முகவரிப் பெட்டியில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் ஆப்ஷனுக்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். கட்டங்கள் மறைந்து தமிழ் வந்துவிடும்! எழுத்தாக இல்லை, படமாக. சர்வரிலேயே வரைந்து அனுப்பிவிடுவார்கள். முதன்முதலில் ஒரு நோக்கியா போனில் தமிழ்ச் செய்தி படித்த அந்த நிமிஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிரவுசரை நானாக யோசித்துத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு தடவைதான் என்றுகூடச் சொல்லலாம்.

மற்றபடி, நம்மில் பலர் பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. போனோடு வருவதுதான் நம் பிரவுசர். இந்த 'கூடவே வருவது' எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் உள்ளிட்ட தன் ஆப்களைக் கட்டாயமாகச் சேர்த்தே தரவைத்தது, போட்டியை நசுக்கும் செயல் என்று சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது, அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. நாம் செட்டிங்ஸ் பக்கம் போக மாட்டோம் என்ற நம்பிக்கைக்கான விலை அது!

'அப்போ வேற பிரவுசர் போட்டா எல்லாம் மாறிடுமா?' என்று தங்கச்சி கேட்டாள். காபித் தோட்டத்து ஊர் என்பதால் பதில் சுலபமாகக் கிடைத்தது. கடையில் பத்து கம்பெனி காபித்தூள் பாக்கெட் இருந்தாலும், கொட்டை ஒரே தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். வறுப்பதும், சிக்கரி எவ்வளவு கலப்பதும்தான் வேறு. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கூகுள் முன்நின்று வளர்க்கும் குரோமியம்தான். ஃபயர்பாக்ஸ் மட்டும் தனிக் கொட்டை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. நம்ம நாட்டில், எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான்.

அதனால் 'எது வேகம்' என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. சிக்கரி எவ்வளவு என்றுதான் பார்ப்பேன்: விளம்பரத்தைத் தடுக்குமா, என்னைப் பின்தொடர்பவர்களை நிறுத்துமா, ஒரு கையால் பயன்படுத்த முடியுமா? ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸுக்கு விளம்பரத் தடுப்பான் மாதிரி எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்கலாம். மொபைல் குரோமில் முடியாது. பிரேவில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது. விளம்பரப் படமும் வீடியோவும் இறங்காவிட்டால் டேட்டாவும் மிச்சம். தம்பிக்கு வேண்டியதும் அதுதானே? ஃபயர்பாக்ஸில் முகவரிப் பெட்டியைக் கீழே வைத்துக்கொள்ளவும் முடியும். இருபது கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லைங்க.

நம்ம ஊர்க் கதை ஒன்று. 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோது அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2023-ல் ஒரு பிரவுசரை வெளியிட்டது. பெயர் 'உலா'. ஆமாம், நம்ம தமிழ் உலாவேதான். இந்தியாவுக்கென ஒரு பிரவுசர் வேண்டும் என்று மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை வாங்கியதும் அதுதான். வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு எனத் தனித்தனி மோடு இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆபீஸ் மெயிலும் மகனின் கார்ட்டூனும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. அதுவும் குரோமியம் மேல் கட்டியதுதான். பாசத்துக்காக ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பாசத்துக்காக மட்டும் யாரும் பாஸ்வேர்டை எங்கும் சேமிக்க வேண்டாம்.

சித்தப்பா விஷயம் வேறு. அவர் போனில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. புதுப் போன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மிளகு வித்த காசு! போனில் வைரஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. எப்போதோ காபி விலை பார்க்கப் போன இடத்தில், 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டதற்கு 'அலோ' கொடுத்திருக்கிறார். அந்த ஒரு சொடுக்கலைப் பிடித்துக்கொண்டு எவனோ பயமுறுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கிய தளங்களின் லிஸ்ட் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் 'பிளாக்' செய்துவிடுங்கள். மற்ற பிரவுசர்களிலும் பெயர் கொஞ்சம் மாறி இதே இடம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர் போனை இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லிஸ்ட்டைப் பார்த்து நீங்களே ஆச்சர்யப்படுவீர்கள்.

தங்கச்சி இப்போது ரெண்டு பிரவுசர் வைத்திருக்கிறாள். படிக்க, பாட்டு கேட்க ஒன்று. பேங்க், விண்ணப்பம், ஓ.டி.பி-க்கு இன்னொன்று, அதில் வேறு எதையும் திறப்பதில்லை. நானும் அப்படித்தான். தம்பி உச்சபட்ச சேமிப்பை மட்டும் குறைத்துக்கொண்டான், பிரவுசரை மாற்ற மாட்டானாம். 'பழகிப்போச்சுண்ணா' என்கிறான். சரி, அவன் இஷ்டம்.

நான்தான் ஆர்வக்கோளாறில் சித்தப்பா போனிலும் கை வைத்தேன். எழுத்தைப் பெருசாக்கி, செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸுக்குப் போய்ப் பிரவுசரையும் மாற்றி, பழைய ஐகானை உள்ளே தள்ளிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே போன்.

"கண்ணு, எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா அந்தக் கலர் வட்டத்தைக் காணோமே... அது வழியாத்தானே நான் இன்டர்நெட்டுக்குப் போவேன்?"

வீடியோ காலில் தங்கச்சியைப் பிடித்து, வட்டத்தை மறுபடியும் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்தோம்.